பல காலங்களைச் சுமக்கும் நாவல் எங்கே தடுமாறுகிறது?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி, கம்பம் பள்ளத்தாக்கே கொதித்துக்கொண்டிருந்தது. கூடலூரிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் மக்கள் திரள் திரளாகக் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். 1886இல் கையெழுத்தான ஒரு குத்தகை ஒப்பந்தம் நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஊரையே சாலைக்கு இழுத்து வந்திருந்தது. அதே மாதத்தில்தான் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது. தமிழினி 2008இல் வெளியிட்ட நாவல் அது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீள்வது. 1310 முதல் 1910 வரை அறுநூறு ஆண்டு மதுரையைச் சொல்ல முனைவது.

விருதோடு பழைய சண்டையும் மீண்டது. நாவல் வந்த புதிதிலேயே எஸ். ராமகிருஷ்ணன் அதைக் கடுமையாக நிராகரித்து எழுதியிருந்தார். ஜெயமோகன் விரிவாக ஆதரித்து எழுதியிருந்தார். இரண்டு பேருமே வரலாற்றுப் புனைவில் தோய்ந்தவர்கள். ஒரே நூல் ஒருவருக்குப் பெரும் ஏமாற்றமாகவும் இன்னொருவருக்குப் பெரும் சாதனையாகவும் தெரிந்தது என்றால், அது ரசனை வேறுபாடு மட்டும்தானா? நாவல் என்ற வடிவத்துக்குள்ளேயே தீராத சிக்கல் ஏதேனும் இருக்கிறதா? வாழ்க்கையில் ஒரு பழைய தேதி தலைமுறைகளைத் தாண்டி வந்து மனிதர்களைப் பிடித்து உலுக்குகிறது. நாவலில் பல காலங்களை ஒரே அட்டைக்குள் வைக்கும்போது மட்டும் அவை ஒன்றையொன்று தொடாமல் கிடந்துவிடுவது ஏன்?

கேள்வியின் வயது

தமிழில் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. எழுதியவர் திருகோணமலை தி.த. சரவணமுத்துப் பிள்ளை. நாயக்கர் ஆட்சிக் காலம்தான் அதன் களம். பெரியாறு அணை திறக்கப்பட்டதும் அதே ஆண்டு அக்டோபரில்தான். அன்று நாவலாசிரியருக்குப் பழங்காலம் என்பது காதலையும் அரசியல் சூழ்ச்சியையும் நடத்திக் காட்ட ஒரு மேடை. அந்த மேடையைக் கல்கி பேருருவாக்கினார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஆகிய மூன்றும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் நின்று கதை சொல்பவை. அங்கே காலத் தாவல் பெரிதாகக் கிடையாது. ஆகவே இந்தச் சிக்கலும் கிடையாது.

1990களில் நிலைமை மாறியது. அரசர்களை விட்டுவிட்டு ஊர்களையும் சாதிகளையும் வணிகத்தையும் எழுத நாவலாசிரியர்கள் முனைந்தார்கள். ஒரு மன்னனின் வாழ்வு நாற்பது ஆண்டில் முடியும். ஓர் ஊரின் வாழ்வு அப்படி முடிவதில்லை. எனவே நாவலின் காலம் நூற்றாண்டுகளாக விரிந்தது. ‘விஷ்ணுபுரம்’ (1997), ‘காவல் கோட்டம்’ (2008), பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) என்று பெரும் தொகுதிகள் வரத் தொடங்கின. ஏமாற்றம் பற்றிய பேச்சும் அதோடு சேர்ந்தே வந்தது.

வடிவமே பிழை என்ற வாதம்

இந்த ஏமாற்றத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் மிகப் பழையது, வடிவத்தின் மேலேயே பழியைப் போடுவது. சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு மிலான் நகரத்தையும் அதைச் சூறையாடிய கொள்ளைநோயையும் வைத்து 1827இல் புகழ்பெற்ற வரலாற்று நாவலை எழுதிய இத்தாலியர் அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனி. அவரே 1850இல் வெளியிட்ட கட்டுரையில், வரலாற்றையும் கற்பனையையும் கலக்கும் இந்த வடிவம் நிற்காது என்று வாதிட்டார். எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துக் காட்டினால் கதை உடைகிறது. பிரிக்காமல் விட்டால் வாசகன் ஏமாற்றப்படுகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

பல காலம் கொண்ட நாவலுக்கு இந்த வாதம் பல மடங்கு பொருந்துவதுபோலத் தெரியும். ஒவ்வொரு காலத்துக்கும் சான்றின் அளவு வேறு. பதினான்காம் நூற்றாண்டு மதுரைக்குக் கிடைப்பவை சில கல்வெட்டுகளும் சில காவியங்களும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கோ ஆட்சியர் கடிதம், வருவாய்க் கணக்கு, மிஷனரிக் குறிப்பு என்று குவிந்து கிடக்கின்றன. இவ்வளவு ஏற்றத்தாழ்வான சான்றுகளை ஒரே தொனியில் சொல்ல முடியுமா என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் மன்ஸோனியின் வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு. அது நிரூபிப்பதைவிட அதிகமாகத் தீர்ப்பு சொல்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடியொற்றிப் பிரபஞ்சன் எழுதிய ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டிலும் நடந்ததும் புனைந்ததும் கலந்தே இருக்கின்றன. அதனால் தமிழ் வாசகர்கள் ஏமாந்துபோனதாகத் தெரியவில்லை. கலப்பே குற்றமென்றால் எல்லா வரலாற்று நாவல்களும் ஒரே அளவில் தோற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

தகவல் பாரம் என்ற வாதம்

தமிழ்ச் சூழலில் அதிகம் கேட்கும் விளக்கம் இதுதான்: ஆசிரியர் ஆவணங்களில் மூழ்கிவிட்டார், கதை கரை சேரவில்லை. ‘காவல் கோட்டம்’ மீதான எதிர்ப்பில் இந்தக் குற்றச்சாட்டு அழுத்தமாக ஒலித்தது. மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி, விஜயநகரப் படை வருகை, நாயக்கர் ஆட்சி, பாளையப்பட்டுகள், கும்பினி ஆட்சி என்று நாவலின் முன்பகுதி விரைகிறது. பெயர்கள் வருகின்றன, போகின்றன. ஒருவரோடு மனம் ஒன்றுவதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது என்று பல வாசகர்கள் சொன்னார்கள்.

இந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே நாவலின் பின்பகுதி இந்த விளக்கத்தை அப்படியே ஏற்க விடுவதில்லை. தாதனூர் என்ற ஊரின் கள்ளர் சமூகத்தவரின் களவு நுணுக்கங்கள், கன்னம் வைக்கும் முறை, களவுபோன பொருளை மீட்டுத் தரத் துப்புக்கூலி வாங்கும் வழக்கம், காவல் உரிமையை ஊர்கள் ஒப்புக்கொண்ட விதம் என்று அங்கேயும் தகவல் கொட்டிக் கிடக்கிறது. முன்பகுதியில் சலித்த வாசகர்கள் பலர் இங்கே ஒன்றிப்போய்ப் படித்ததையும் மறுக்க முடியாது. இந்தப் பகுதியிலிருந்து எடுத்த கதையைத்தான் வசந்தபாலன் ‘அரவான்’ (2012) படமாக்கினார்.

இதை இன்னும் கிட்டே போய்ப் பார்க்க ஓர் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்க முடிவெடுத்தார். இடித்து அகழியை மேடாக்குபவர்களுக்கு அந்த நிலம் கிடைக்கும் என்றார். இன்றும் மதுரையில் உள்ள மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்தப் பணியில் இருந்தவர்களின் பெயரைத் தாங்குபவை. நாவல் இந்த நகராட்சித் தகவலை எடுத்துக்கொண்டு, சுவரில் குடியிருந்த காவல் தெய்வங்களைச் சாமியாடிகள் வழியாகக் கீழே இறக்கும் நிகழ்வாக்குகிறது. சுவர் கட்டப்பட்ட காலம், அதைக் காத்தவர்களின் காலம், அது தேவைப்படாத புதிய ஆட்சியின் காலம் மூன்றும் அந்த ஒரு காட்சியில் சந்திக்கின்றன. நாவலை ஏற்காதவர்களும் எளிதில் ஒதுக்க முடியாத பகுதி அது.

ஆகவே தகவலின் அளவை மட்டும் குறைசொல்வது போதாது. சில இடங்களில் தகவல் உயிர்பெறுகிறது, சில இடங்களில் பட்டியலாகிறது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

காலங்களை இணைப்பது எது?

ஹங்கேரியச் சிந்தனையாளர் ஜார்ஜ் லூகாச் 1930களில் எழுதிய ‘வரலாற்று நாவல்’ என்ற நூலில், கடந்த காலம் நிகழ்காலத்தின் முன்வரலாறாக உணரப்படும்போதுதான் வரலாற்று நாவல் உயிர்பெறுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். மாபெரும் மன்னரைவிட, இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நடுத்தரமான மனிதனே நல்ல நாயகன் என்பதும் அவர் பார்வை. வால்டர் ஸ்காட்டின் நாவல்கள் அவருக்கு முன்மாதிரி. ஆனால் லூகாச் மனதில் இருந்தது ஒரு நெருக்கடிக் காலத்தை மையமாக்கிய நாவல். ஆறு நூற்றாண்டைத் தாண்டும் நாவலுக்கு ஒரே நடுத்தர நாயகன் கிடைக்க மாட்டான். அவன் இடத்தில் எதை வைப்பது?

தமிழ் மரபில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. அந்த விடையின் நாயகிக்குரிய கோயில் கூடலூருக்கு மேலேயே, தமிழக–கேரள எல்லை மலையில், மங்கலதேவிக் கண்ணகி கோட்டமாக நிற்கிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுரையை எரித்து நிற்கும் கண்ணகி முன் மதுராபதித் தெய்வம் வந்து ஒரு பழங்கதை சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்துக்கு வணிகம் செய்ய வந்த சங்கமனை, அரச ஊழியனான பரதன் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைக்கிறான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் துயரில் அலைந்து, மலையேறி உயிர்விடுகிறாள், விடும்போது சாபமிடுகிறாள். அந்தப் பரதனே இப்பிறவியில் கோவலன். கண்ணகியும் பதினான்காம் நாளில்தான் கணவனைச் சேர்கிறாள்.

இளங்கோ பழைய காலத்தை எங்கே வைத்தார் என்பது கவனிக்க வேண்டியது. காப்பியத் தொடக்கத்தில் வைக்கவில்லை. கோவலனுக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்ற கேள்வி எரிந்துகொண்டிருக்கும் இடத்தில், அதைக் கேட்டே ஆகவேண்டிய ஒருத்தியிடம், சுருக்கமாகச் சொல்லவைக்கிறார். இரு காலங்களையும் தைக்கும் நூல் ஊழ்வினை. நிகழ்காலத்தில் ஒருவருக்குத் தேவைப்படும்போது மட்டுமே கடந்த காலம் உள்ளே வருகிறது.

ஊழ்வினை என்ற நூலை இன்றைய நாவலாசிரியர் எடுக்க முடியாது. காரணம் நியாயமானது: பாண்டியன் செய்த அநீதியை முற்பிறவிக் கணக்கில் எழுதிவிட்டால், அதிகாரத்தைக் கேள்வி கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. நூலைக் கைவிட்டபின் தையலுக்கு வேறு நூல் வேண்டும். கடந்த எழுபது ஆண்டுகளாக உலகெங்கும் நாவலாசிரியர்கள் தேடியது இதைத்தான்.

உருது எழுத்தாளர் குர்ரதுலைன் ஹைதர் ‘அக்னி நதி’யில் (1959) மௌரியர் காலம் முதல் பிரிவினைக் காலம் வரை கௌதம், சம்பா, கமால் என்ற பெயர்களையே மீண்டும் மீண்டும் வரவைத்தார். பெயர்தான் அங்கே நூல். மனிதர்கள் மாறினாலும் ஏக்கம் மாறவில்லை என்ற உணர்வு கிடைக்கிறது. ஆனால் தனிமனிதர்கள் வகைமாதிரிகளாகிவிடும் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. டேவிட் மிட்செல்லின் ‘கிளவுட் அட்லஸ்’ (2004) நாவலில் ஒரு காலத்தவரின் நாட்குறிப்பும் கடிதமும் அடுத்த காலத்தவர் கைக்கு வருகின்றன. உத்தி அழகானது, எனினும் அது வெறும் கைமாற்றலாகவே நின்றுவிடக்கூடும்.

ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ வேறு வழியில் போனது. முதல் பகுதியில் புராணமாகவும் சடங்காகவும் தெரிபவர்கள், காலத்தால் முந்தைய இரண்டாம் பகுதியில் ரத்தமும் சதையுமான மனிதர்களாக வருகிறார்கள். பிற்காலம் முற்காலத்தை எப்படித் தவறாக நினைவுகொள்கிறது என்பதே அங்கே கதை. ஆனால் விஷ்ணுபுரம் கற்பனை நகரம். ஆவணத்துக்குக் கட்டுப்பட்ட நாவலுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ கரிசல் கிராமத்து நண்பர்கள் இருவரின் வாழ்வில் தொடங்கி, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் என்று விரிகிறது. அதில் குடும்பமும் சொல்வழக்கும் நூலாகின்றன. கலவர ஆவணங்கள் கனக்கும் பகுதிகளில் அந்தப் பிடி தளர்வதாகச் சில வாசகர்கள் உணர்ந்தார்கள்.

‘காவல் கோட்டம்’ நம்பிய நூல் இடம்: மதுரை என்ற நகரமும் தாதனூர் என்ற ஊரும். இடம் உறுதியான நூல்தான், ஆனால் தனியாகப் போதுவதில்லை. நாயக்கர் காலப் பகுதி பெரும்பாலும் அரண்மனைப் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. பின்பகுதி கள்ளர் குடியிருப்பிலிருந்து சொல்லப்படுகிறது. பின்னால் வருபவர்களுக்கு முன்னால் நடந்தது என்னவாக நினைவில் இருக்கிறது என்பதை நாவல் கோட்டை இடிப்பில் காட்டுவதுபோல எல்லா இடத்திலும் காட்டவில்லை. காட்டிய இடங்களில் அதன் பக்கங்கள் நிற்கின்றன. காட்டாத இடங்களில் அது காலவரிசையாகிவிடுகிறது. இரு தரப்பு விமர்சகர்களும் ஒரே நூலின் வெவ்வேறு பகுதிகளைப் பார்த்துப் பேசியிருக்கக்கூடும்.

யாருடைய காலம்?

அரசியல் சார்ந்த விளக்கத்தையும் ஒதுக்க முடியாது. ஒரு சமூகத்தின் வீரத்தைக் கொண்டாடும் நாவல், அந்தச் சமூகத்தால் பாதிக்கப்பட்டவர்களின் காலத்தை விட்டுவிடுகிறதா என்ற கேள்வி ‘காவல் கோட்டம்’ மீதும் எழுப்பப்பட்டது. மறுபுறம், குற்றப் பரம்பரை என்று சட்டமே முத்திரை குத்திய மக்களின் பார்வையில் வரலாற்றைத் திருப்பிச் சொன்னது அதன் பெறுமதி என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள்.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஓர் அமைப்புச் செய்தி இருக்கிறது. நாவல் 1910இல் நிற்கிறது. வட இந்தியாவில் 1871 முதல் இருந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 சட்டத்தின் வழியாகத்தான் சென்னை மாகாணத்துக்கு வந்து, பிறமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல். அந்த வட்டாரத்தில் வளர்ந்த வாசகர் இந்தக் காலத்தை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். நாவலின் கடைசி முடிச்சை அவரே போட்டுக்கொள்வார். அந்த நினைவு இல்லாத வாசகருக்கு முடிச்சு அவிழ்ந்தே இருக்கும். அரசியல் விளக்கத்தின் பலம், வாசகர் யார் என்று கேட்பதில் இருக்கிறது. அதன் குறை, சரியான பக்கம் நிற்கும் நாவலும் ஏன் சலிப்பூட்டக்கூடும் என்பதற்கு அதனிடம் பதில் இல்லாதது.

கூடலூர் என்ற களம்

இந்த விளக்கங்களையெல்லாம் உரசிப் பார்க்கக் கம்பம் பள்ளத்தாக்கு நல்ல களம். கூடலூரைச் சுற்றிக் காலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் பக்தர்கள் பளியன்குடி வழியாக மலையேறிப் போகும் கண்ணகி கோயில். அதுவே செங்குட்டுவன் எடுத்த கோயில் என்று 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் முன்வைத்த முடிவு. கொடுங்கல்லூரே அந்த இடம் என்று நிற்கும் மாற்றுக் கருத்து. இன்னொரு பக்கம் அணையின் கதை: 1789இல் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை பெரியாற்றைக் கிழக்கே திருப்ப நினைத்தது, 1808இல் கேப்டன் கால்டுவெல் அதை முடியாத காரியம் என்று ஒதுக்கியது, 1886இல் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் 999 ஆண்டுக் குத்தகை, 1887இல் தொடங்கிய கட்டுமானம், 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டம், 2014இல் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் தந்த அனுமதி.

இவற்றில் அணை கட்டிய காலத்தை அ. வெண்ணிலா ‘நீரதிகாரம்’ என்ற பெருநாவலாக்கினார். ஆனந்த விகடனில் தொடராக வந்தது. தொடர் வடிவம் தனக்கே உரிய நெருக்கடிகளைக் கொண்டது. வாரம் ஒரு திருப்பம் வேண்டும். வாசகர் சென்ற வாரத்தையே மறந்திருக்கக்கூடும். பல காலங்களைப் பின்னுவதற்கு அது சாதகமான வடிவமில்லை. ஒரு நெருக்கடிக் காலத்தில் ஊன்றி நிற்பது அங்கே புத்திசாலித்தனமான தேர்வு.

எல்லாக் காலத்தையும் சேர்த்து எழுத ஒருவர் துணிந்தால், முதலில் கைக்கு வரும் நூல் தண்ணீர். தேக்கடியில் மலையைக் குடைந்து வரும் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றிவிட்டு, கூடலூர் வழியாக இறங்கி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. ஆனால் தண்ணீர் தானாக எதையும் நினைவுகொள்வதில்லை. நினைவுகொள்பவர்கள் மனிதர்கள்.

அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அதைக் கட்டினார் என்று பள்ளத்தாக்கில் சொல்கிறார்கள். அணை சென்னை மாகாண அரசின் திட்டம். அந்தத் திட்டத்தின் வரலாற்றைப் பொறியாளர் மெக்கன்சி 1899லேயே நூலாக எழுதிவிட்டார். நகை விற்ற கதைக்கு அக்கால ஆவணச் சான்று உறுதிப்படவில்லை. காய்ச்சலுக்கும் பிற நோய்களுக்கும் பலியான நூற்றுக்கணக்கான தொழிலாளர்களில் பெரும்பாலோரின் பெயர் பொது நினைவில் இல்லை. ஆனால் ஜனவரி 15இல் பென்னிகுயிக் பிறந்தநாளுக்கு ஊர்களில் பொங்கல் வைக்கிறார்கள். 2013 ஜனவரியில் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஆவணத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி பல கால நாவலுக்குக் கிடைக்கக்கூடிய உறுதியான நூல். ஒரு பொறியாளர் எப்படிக் குலதெய்வத்துக்கு நிகராகிறார், அவரோடு உழைத்தவர்கள் ஏன் ஆகவில்லை என்று கேட்கும்போது 1887ஐயும் 2011ஐயும் ஒட்டவைக்க ஆசிரியர் பாடுபட வேண்டியதில்லை.

தீராதவை

இதுவரையான பதில்களை எடைபோட்டால், வடிவமே பிழை என்ற வாதம் மிகையாகத் தெரிகிறது. தகவல் பாரம் என்ற விளக்கம் ஓர் அறிகுறியைச் சரியாகச் சொல்கிறது, நோயைச் சொல்லவில்லை. அரசியல் விளக்கம் அவசியமானது, ஆனால் கலைத் தோல்வியை முழுதாக விளக்கப் போதாதது. பிற்காலத்தவரின் நினைவில் முற்காலம் என்னவாக இருக்கிறது என்பதை நாவல் காட்டுகிறதா என்ற அளவுகோல், ஒரே நூலுக்குள் சில பகுதிகள் ஏன் நிற்கின்றன, சில பகுதிகள் ஏன் சரிகின்றன என்பதை ஓரளவு நன்றாக விளக்குகிறது. ‘காவல் கோட்டம்’ தந்த ஏமாற்றத்தையும் நிறைவையும் ஒருசேரப் புரிந்துகொள்ள அது உதவுகிறது.

அந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. நினைவே அழிக்கப்பட்ட மக்களை அது என்ன செய்யும்? மலைக்காடுகளில் வாழ்ந்த பளியர்களின் பழங்காலம் அரசு ஆவணங்களில் மிகச் சொற்பமாகவே இருக்கிறது. அங்கே காலங்கள் இணையாமல் கிடப்பதே உண்மையாக இருக்கலாம். இணைத்துக் காட்டும் நாவல் பொய்யாகலாம். வட்டார நினைவு உள்ள வாசகருக்கும் இல்லாத வாசகருக்கும் ஒரே நூல் ஒரே அளவில் வேலைசெய்ய முடியுமா என்பதும் தெளிவாகவில்லை. அச்சில் ஒரே மூச்சில் படிப்பவருக்கும் தொடராகப் படிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் விமர்சனம் இன்னும் முறையாக ஆராயவில்லை. ‘காவல் கோட்டம்’, ‘அஞ்ஞாடி’ போன்ற நூல்களை முழுமையாக ஏற்பது, முழுமையாகத் தள்ளுவது என்ற இரண்டு நிலைகளிலிருந்து விலகி, பகுதி பகுதியாகப் படித்துக் காட்டும் விமர்சனம் பெருகினால் இந்தக் கேள்விகள் அடுத்த கட்டத்துக்குப் போகும்.